எழுதிய அளவு மட்டும்

வெள்ளைத் தாள் ஒன்றை என் கீபோர்டின் மேல் வைத்து
"ராணிப்பேட்டை கிளைக்கு கேட் மேனேஜர் எடுக்கிறோம்,
எவ்வளவு கொடுக்கலாம், நீயே எழுது" என்றார் ஞானசிகாமணி சார்.
அதே வேலையை ஏழு வருடமாகச் செய்கிறவளிடம்.

காட்பாடி காந்தி நகர், மருந்துக் கடைக்கு மேல்மாடி.
மே மாதம். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
சர்வருக்கு ஏசி உண்டு.
எங்களுக்கு அதன் கதவிடுக்கு உண்டு.

கேட் மேனேஜரா, எந்த ரயில்வே கேட் என்று கேட்டார்
குடிவந்த அன்று வீட்டுக்காரர்.
படம் வரைகிறவர்களுக்கு மேல் ஆள் என்றேன்.
அப்போ நீங்க வரைய மாட்டீங்களா?
வரைவேன்.
அப்போ ஆர்க்கிடெக்டா?
இல்லை.
வாடகையில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

எதை வைத்து எழுதுவது?
சென்னையில் எழுபது தருகிறார்கள் என்றால்
இங்கே வாடகை பாதிதானே என்பார் சார்.
இங்கே பிழையும் பாதி விலைக்கா வருகிறது சார்?
(கேட்டதில்லை. கேட்காத கேள்விகளுக்கு
தனி லேயர் வைத்திருக்கிறேன், பிரிண்ட் ஆகாதபடி.)

ஏகாம்பரம் மேஸ்திரிக்கு இந்தக் குழப்பம் கிடையாது.
பூச்சு சதுர அடிக்கு இவ்வளவு, மூலை மட்டம் தனி.
டேப்பை நீட்டி, பென்சிலை எச்சிலில் நனைத்து
சுவரிலேயே கணக்கெழுதி
சுவரிலேயே பேரத்தை முடிப்பார்.
என் வேலையில் சுவர் எங்கே?
நடக்காமல் போனவைதான் என் வேலை.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் படியேறுகிறவன் தலை
பீமில் இடிக்காமல் போனது,
ஆஸ்பத்திரி விரிவாக்கத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்ப
நாலு அங்குலம் குறையாமல் போனது,
'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' மூன்றில்
தப்பானது சைட்டுக்குப் போகாமல் போனது.
நடக்காததற்கு யார் பில் போடுவது?

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று
எங்கள் ஊரைக் கேலி செய்ய ஒரு பட்டியல் உண்டு.
மேனேஜர் சம்பளம் இல்லாத மேனேஜர் என்று
நானும் ஒன்று சேர்த்துவைத்தேன்.

முப்பத்தாறாயிரம். இது என்னுடையது.
அதையே எழுதினால் வருகிறவளுக்குத் துரோகம்.
மேலே எழுதினால், எழுதுகிற நான் யார்?
தஸ்லீமா, மேல்விஷாரம், நாலு வருட அனுபவம்.
நேர்காணலில் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"டெம்ப்ளேட் இருக்கா, நான்தான் செய்யணுமா?"
அந்தக் கேள்வியே ஐயாயிரம் பெறும்.
எட்டுப் பேரின் கோடுகளை ஒரே தடிமனுக்குக் கொண்டுவர,
ராத்திரி பத்து மணிக்குத் திறக்காத ஃபைலைத் திறக்க,
புதுப் பையனுக்கு மூன்றாம் முறையும் கோபமில்லாமல் சொல்ல,
மேஸ்திரி மாதிரி ஒவ்வொன்றாய்க் கூட்டினேன்.
ஐம்பத்தெட்டு வந்தது.
அடித்துவிட்டு ஐம்பது போட்டேன்,
யாருக்குப் பயந்து என்று தெரியவில்லை.
அதையும் அடித்தேன்.

எங்கள் ஒவ்வொரு படத்திலும் வலது மூலையில் ஒரு குறிப்பு உண்டு:
'படத்தை அளந்து பார்க்க வேண்டாம்.
எழுதிய அளவை மட்டுமே பின்பற்றவும்.'
ஆயிரம் தாளிலாவது ஒட்டியிருப்பேன்.
இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன்.

கம்ப்யூட்டருக்குள் எல்லாம் முழு அளவில்தான் இருக்கிறது,
அறை அறை அளவுக்கு, கதவு கதவு அளவுக்கு.
காகிதத்துக்கு வரும்போதுதான் சுருங்குகிறது.

சின்ன பிரிண்டரில் டோனர் தீர்ந்திருந்தது.
இரண்டு வரி அடித்தேன்.
ராணிப்பேட்டைக்கு ஐம்பத்தெட்டு.
காந்தி நகருக்கும் ஐம்பத்தெட்டு.
பிளாட்டருக்கு அனுப்பினேன்.
ரோலைச் சரிசெய்துகொண்டே முனிரத்தினம்
"மேடம், எந்த ஸ்கேல்?" என்று கத்தினான்.
ஒன்றுக்கு ஒன்று, என்றேன்.

சாரின் அறைக் கதவு திறந்தே இருந்தது.